சரிபாதி

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் ரேங்க் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மதிப்பெண் அட்டைக்கு நாம் வைத்த பெயரே ரேங்க் கார்டுதான். கையெழுத்து வாங்க நீட்டினால் அப்பாவின் கண் பாட வாரியான மார்க்குகளைத் தாண்டி நேராகக் கீழே இருக்கும் கட்டத்துக்குப் போகும். "எத்தனாவது?" கணக்கில் போன தடவையைவிடப் பத்து மார்க் கூட எடுத்திருப்போம். ஆனால் கேள்வித்தாள் எல்லோருக்குமே சுலபமாக இருந்திருக்கும். மார்க் கூடி ரேங்க் இறங்கிய மாதங்கள் எனக்கு உண்டு. அதை அப்பாவுக்கு விளக்கத் தொடங்கிப் பாதியில் விட்டதும் உண்டு.

2017இல் தமிழக அரசு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் ரேங்க் இல்லாமல் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு அது வேறு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று பெயர் வைத்து, மின்னும் முத்திரையோடு, வருடத்துக்கு நான்கு தடவை என்றில்லாமல் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும்.

என் அக்கா மகன் அப்படி ஒரு ஆட்டம் ஆடுகிறான். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர், துப்பாக்கிச் சண்டை, ஒரு ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். எந்த ஆட்டம் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வகை ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். பி.எஸ்சி. கடைசி வருடத்தில் இருந்தபோது அவன் எட்டு மாதம் தங்கத்திலேயே நின்றான். அக்கா என்னிடம் சொன்னாள்: "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடுறான்டா. ஆடிட்டு சந்தோஷமா வந்தாக்கூடப் பரவாயில்ல. விளையாடிட்டு வர்றவன் மூஞ்சி மாதிரியா இருக்கு அது? நீயும் அந்தக் காலத்துல இதத்தானே ஆடிக்கிட்டு திரிஞ்ச. நீ பேசு."

பேசினேன். அவன் கோபம் ஆட்டத்தின் மீதுகூட இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கின் மீது.

"மாமா, நான் எவ்ளோ நல்லா ஆடுனாலும் சிஸ்டம் ஏற விடாது. மூணு மேட்ச் ஜெயிச்சா, அடுத்த மூணு மேட்ச்சுக்கு ஒண்ணும் தெரியாதவனுங்கள என் டீம்ல போடும். என் வின் ரேட்டப் பாருங்க, 50.4. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் அப்படித்தான். வேணும்னே பாதியில நிறுத்தி வெக்கிறாங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் குரலை இறக்கிக் கேட்டான்: "இல்ல, நெஜமாவே இவ்ளோ நாள் ஆடி நான் ஒண்ணுமே கத்துக்கலையா மாமா?"

அந்த மாதம்தான் அவன் இரண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் தேறாமல் வந்திருந்தான். கேள்வி ஆட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அதனால் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை.

*

அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. கணக்கு அவனை 50க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கத்தான் பார்க்கிறது. ஆனால் அதற்குச் சதி எதுவும் தேவையில்லை. நியாயமான போட்டி என்பதற்கு அந்தக் கணக்கு வைத்திருக்கும் பொருளே அதுதான்.

இந்த வழி சதுரங்கத்திலிருந்து வந்தது. அர்பத் ஈலோ ஹங்கேரியில் பிறந்தவர், அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவர் வகுத்த முறையை 1960இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970இல் உலக அமைப்பான ஃபிடேயும் எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு எண். இருவர் எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான், யார் எவ்வளவு ஜெயிக்கக்கூடும் என்பதைச் சொல்லும். வித்தியாசம் 200 என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 400 என்றால் 91. வித்தியாசமே இல்லையென்றால் சரிபாதி. ஆட்டம் முடிந்ததும் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும்.

அந்த எண் பாராட்டுப் பத்திரம் இல்லை, ஒரு முன்கணிப்பு. நாளைக்கு மழை பெய்ய 70 சதவீதம் வாய்ப்பு என்பது போல. வானிலை அறிக்கை யாரையும் புகழ்வதில்லை, திட்டுவதுமில்லை.

நான் வருடத்துக்கு ஒன்றிரண்டு ஓபன் டோர்னமென்ட் ஆடுகிற ஆள். அங்கே யாரோடு யார் மோதுவது என்பதை அந்த எண் மட்டுமே தீர்மானிப்பதில்லை. முதல் சுற்றில் பட்டியலை நடுவில் வெட்டி, மேல் பாதியைக் கீழ் பாதியோடு ஆட விடுவார்கள். 1380 வைத்திருந்த காலத்தில் எனக்கு எதிரே 1900க்கு மேல் வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பையன் வந்து உட்காருவான், 25 நகர்த்தலில் முடித்துவிட்டு எழுந்து போய் ஐஸ்க்ரீம் சாப்பிடுவான். அடுத்த சுற்றில் எனக்கு எளிய ஆள் கிடைப்பார். பெரிய அடியும் சின்ன வெற்றியும் மாறி மாறி வரும். நான் எங்கே நிற்கிறேன் என்பது உடம்புக்கே தெரியும்.

ஆன்லைன் ஆட்டங்கள் இதே எண்ணை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டன. 2004இல் வந்த ஹேலோ 2 ஆட்டத்தோடு ஒரு பழக்கம் பரவியது. ஆடுகிறவர் சர்வரைத் தேடிப் போக வேண்டாம், ஒரு பட்டனை அழுத்தினால் போதும், இயந்திரமே ஆள் பிடித்துக் கொடுக்கும். யாரைப் பிடிப்பது? எண் அருகில் இருப்பவர்களை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பிறகு உருவாக்கிய ட்ரூஸ்கில் முறையில் ஒருவருக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று திறமை பற்றிய மதிப்பீடு, இன்னொன்று அந்த மதிப்பீட்டில் இயந்திரத்துக்கு இருக்கும் சந்தேகம். புதிதாக வருபவருக்குத் திறமை 25, சந்தேகம் ஏறக்குறைய 8.3. வெளியே காட்டும்போது திறமையிலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்துக் காட்டுவார்கள். ஆகவே எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவார்கள். நிறைய ஆட ஆடச் சந்தேகம் குறையும், காட்டும் எண் ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி ஆள் தேறியதால் வந்தது. இன்னொரு பகுதி, இயந்திரம் அவரைத் தெரிந்துகொண்டதால் வந்தது. ஆடுகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண் என்ற பிரிவு அப்படித்தான் வேர் பிடித்தது.

*

2004இல் நான் ஹேலோ ஆடவில்லை. திருச்சி தில்லை நகரில் ஒரு ப்ரௌசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிக்கொண்டிருந்தேன். மணிக்கு 20 ரூபாய். பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே ஒயரில். ரேங்க் என்று எதுவும் திரையில் கிடையாது. ஆனால் அந்த அறையில் யார் எத்தனாவது என்பது எல்லோருக்கும் தெரியும். மூலைக் கம்ப்யூட்டரில் உட்காரும் பாலிடெக்னிக் அண்ணன்தான் முதல். அவர் கையில் நான் ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை செத்திருக்கிறேன். காசு கொடுத்துச் சாவது என்று கடைக்காரர் கிண்டல் செய்வார்.

ஆறு மாதம் கழித்து அதே அண்ணன் கையில் இருபது தடவை செத்தேன். ஒரு சனிக்கிழமை, ஒரே ரவுண்டில் அவரை இரண்டு தடவை சுட வாய்ப்புக் கிடைத்து இரண்டாவதில் விழுத்தினேன். அவர் மானிட்டருக்கு மேலே தலையைத் தூக்கி, "யார்ரா அது?" என்றார். நான் தேறியிருக்கிறேன் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த அறையில் போட்டி நியாயமாக இருந்ததா என்றால் சுத்தமாக இல்லை. முதல் வாரத்திலேயே வெறுத்துப்போய் வராமல் நின்றவர்கள் நிறைய. ஆனால் எதிராளி அதே இடத்தில் இருந்தார். நான் நகர்ந்தால் அது தெரிந்தது.

மேட்ச்மேக்கிங் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டது. அநியாயமான அடியை எடுத்தது. கூடவே, நகராத எதிராளியையும் எடுத்துவிட்டது. தாம்பரம் பக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று அதே வேகத்தில் வந்தால், ஒரு நிமிடம் இரண்டும் நிற்பது போல இருக்கும். நடுவே ஒரு மின்கம்பம் வந்தால்தான் ஓடுவது தெரியும். நன்றாக வேலை செய்கிற மேட்ச்மேக்கிங் அந்தப் பக்கத்து ரயில். நீங்கள் தேறினால் தேறிய எதிராளியைக் கொண்டுவந்து நிறுத்தும். போன வருடமும் பாதித் தோல்வி, இந்த வருடமும் பாதித் தோல்வி. நீங்கள் வளர்ந்ததற்கான அடையாளத்தை அது கவனமாக, உங்கள் நன்மைக்காகவே, அழித்துக்கொண்டு போகிறது.

அப்போது ஒரு மின்கம்பம் தேவைப்படுகிறது. முத்திரைகள் அதற்குத்தான் வந்தன.

*

வெறும் எண்ணையே காட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். காட்டிப் பார்த்தார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் முதல் இரண்டு பருவங்களில் ஈலோ எண்ணை அப்படியே காட்டியது. 2013இல் அதை மறைத்து, வெண்கலம் முதலான அடுக்குகளையும் புள்ளிகளையும் முன்னால் வைத்தது. டோட்டா 2 அதே ஆண்டுக் கடைசியில் எண்ணை வெளியே காட்டத் தொடங்கி, 2017இல் பதக்கங்களுக்கு மாறியது. ஆரம்பத்தில் அந்தப் பதக்கம் ஒரு பருவத்துக்குள் ஏறுமே தவிர இறங்காது. ஸ்டார்கிராஃப்ட் 2 எதிர்த் திசையில் போனது: 2010இல் மறைத்த எண்ணை 2016இல் திறந்து காட்டியது. ஓவர்வாட்ச் 2 வெளிவந்த 2022இல் ஏழு வெற்றி அல்லது இருபது தோல்விக்கு ஒரு தடவைதான் முத்திரையை மாற்றியது. பிறகு அந்தக் கணக்கைக் குறைத்தார்கள். 2024இல் மறுபடி ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் காட்டும் வழிக்கே திரும்பினார்கள்.

இந்த இழுபறிக்குக் காரணம், அந்த இரண்டு எண்களும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன என்பதுதான். உள்ளே இருப்பது அடுத்த ஆட்டத்தைச் சரியாகக் கணிக்க வேண்டும். அதற்கு ஈவு இரக்கம் கூடாது. வெளியே இருப்பது ஆளை நாளைக்கும் வரவைக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் தாட்சண்யம் வேண்டும். பூஜ்யத்தைத் தொட்ட பிறகு இன்னொரு தடவை தோற்றால்தான் கீழே இறக்குவது, பருவம் தொடங்கும்போது எல்லோரையும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு ஏற இடம் கொடுப்பது எல்லாம் அந்தத் தாட்சண்யத்தின் வகைகள். அதற்காக இரண்டு எண்களும் வெகுதூரம் பிரிந்துபோகவும் விட முடியாது. வேலரண்ட் ஆட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் 100 புள்ளி. உள்ளே இருக்கும் எண் முத்திரையைவிட மேலே இருந்தால் வெற்றிக்குக் கிடைப்பது தோல்விக்குப் போவதைவிடக் கூடுதல். கீழே இருந்தால் தலைகீழ். முத்திரை நாய்க்குட்டி மாதிரி முன்னேயும் பின்னேயும் ஓடும். கயிறு உள்ளே இருக்கும் எண்ணின் கையில்.

அக்கா மகன் ஜெயித்தால் 18, தோற்றால் 21 என்று வந்துகொண்டிருந்தது. "பாத்தீங்களா மாமா, திருட்டுத்தனத்த?" என்றான். அவன் ஆட்டத்தில் உண்மையான எண் கண்ணுக்குத் தெரிவது அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தில் மட்டும்தான். அதை அவன் திருட்டு என்று படித்தான். "உன் முத்திரை உன் எண்ணைவிட அரை அடி மேலே நிற்கிறது" என்பதுதான் அதன் பொருள்.

காகிதத்தில் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு ஆட்டத்துக்கு 20 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டத்தில் 55 ஜெயித்து 45 தோற்றால் கையில் நிற்பது பத்து ஆட்டத்தின் லாபம், 200 புள்ளி, இரண்டு படி. தங்கம் இரண்டிலிருந்து பிளாட்டினம் ஒன்றுக்குப் போய்விடலாம். இப்போது ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தை 100 தடவை சுண்டு. 55 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்குப் பதினெட்டு. ஐந்து பேர் சுண்டினால் ஒருவன் கிட்டத்தட்ட பிளாட்டினம். இன்னொருவன் அதேபோல இரண்டு படி கீழே. ஒருவனும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, ஒருவனும் எதையும் மறக்கவில்லை.

"அப்போ என் ஃப்ரெண்டு பிளாட்டினம் போனது லக்கா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நூறு மேட்ச்ல சொல்ல முடியாது."

அவனுக்கு அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லியாகவில்லை.

*

அவனிடம் பழைய பதிவுகள் இருந்தன. நன்றாக ஆடியதாக நினைத்த ஆட்டங்களை மட்டும் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆடிய ஒன்றைப் போடச் சொன்னேன். அப்போதும் தங்கம்தான்.

முதல் இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தான். க்ராஸ்ஹேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே சுட்டான், குண்டெல்லாம் சுவருக்குப் போனது. பின்னால் காலடிச் சத்தம் தெளிவாகக் கேட்டது, திரும்பவே இல்லை. ஒரு மூலையைத் தாண்டும்போது எதிராளி நிற்க வாய்ப்புள்ள மூன்று இடங்களில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

"ச்சீ, இது நானா மாமா?"

"இதையா சூப்பர் மேட்ச்னு சேவ் பண்ணி வெச்சிருக்க?"

சிரித்துவிட்டான். அந்த வாரத்து ஆட்டம் ஒன்றைப் பக்கத்தில் போட்டோம். மூலை வருவதற்கு முன்பே க்ராஸ்ஹேர் தலை உயரத்தில் நின்றது. சுடுவதற்கு முன் கால் நின்றது. சத்தம் கேட்ட நொடியில் திரும்பினான். வேறு ஆள் ஆடுவது போல இருந்தது. முத்திரை அதே முத்திரை.

"அப்போ ஏன் மாமா இன்னும் கோல்டு?"

"நீ கத்துக்கிட்ட அதே எட்டு மாசத்துல உன் கூட இருந்தவனும் கத்துக்கிட்டான். நீ மூலையப் பாக்கக் கத்துக்கிட்டது யூட்யூப்ல. அவனும் அங்கதான்."

மார்க் கூடி ரேங்க் இறங்கிய கதைதான். ரேங்க் என்பது கூட்டத்தில் உங்கள் இடம். கூட்டமே நடந்தால் அது நிற்பது போலத்தான் தெரியும். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 21 வயதுப் பையன் ஒருவன், தான் எதையாவது கற்றுக்கொள்ளக் கூடியவன்தானா என்று அந்த முத்திரையிடம் போய்க் கேட்டால், அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்விக்காக அதைச் செய்யவில்லை.

*

இதைப் படிக்கும் யாராவது, பிறகு எதற்கு இந்த மேட்ச்மேக்கிங், பழையபடி கலந்துகட்டி ஆட விடலாமே என்று நினைக்கலாம். கால் ஆஃப் டியூட்டி ஆடுபவர்கள் பல வருடங்களாகக் கேட்டது அதைத்தான். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. 2025 வரை அங்கே சாதாரண ஆட்டத்திலும் திறமை பார்த்துத்தான் ஆள் சேர்த்தார்கள், ஆனால் வெளியே முத்திரை கிடையாது. தேறத் தேற ஆட்டம் கடினமாகிக்கொண்டே போகும், அதற்குக் காட்ட ஒன்றும் இருக்காது. சம்பளம் கூடாமல் வேலை கூடுவது போல.

2024இல் அதை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஆடுபவர்களுக்குச் சொல்லாமல், ஒரு பகுதியினருக்கு மட்டும் திறமைப் பொருத்தத்தைத் தளர்த்திப் பார்த்திருக்கிறார்கள். நடுவிலேயே ஆட்டத்தை விட்டுப் போவது கூடியது. மிகத் திறமையானவர்களைத் தவிர மற்றவர்கள் திரும்பி வருவது குறைந்தது. லாபம் பார்க்கும் நிறுவனம் தன் முடிவை நியாயப்படுத்த எழுதிய அறிக்கை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தில்லை நகர் அறையில் முதல் வாரத்தோடு நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கீழே இருப்பவர்கள் போய்விட்டால், நடுவில் இருப்பவர்கள் கீழே இருப்பவர்கள் ஆவார்கள். அடுத்து அவர்களும் போவார்கள்.

எனவே பொருத்தம் இருக்கட்டும். முத்திரையும் இருக்கட்டும். முத்திரையிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் ஆடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிசெஸ் தளத்தில் ரேட்டிங் எதுவும் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு. பொருத்துவது எப்போதும் போல உள்ளே நடக்கும், நீங்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்கலாம். சில மாதம் அப்படி ஆடிப் பார்த்தேன். தோற்றவுடன் கை அடுத்த ஆட்டத்துக்கான பட்டனுக்குப் போகும் அவசரம் குறைந்தது. தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும் பொறுமை வந்தது.

எண் எவ்வளவு மெலிந்த பொருள் என்பதை எனக்கு ஃபிடேயே ஒருமுறை காட்டியது. 2024 மார்ச் முதல் தேதி, 1000க்கும் 2000க்கும் இடையே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரே நாளில் உயர்த்தினார்கள். 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பது கூட்டிக்கொள்ள வேண்டியது. கீழ்ப் பகுதியில் எண்கள் சுருங்கி உண்மைத் திறமையைக் காட்டாமல் போயிருந்ததைச் சரிசெய்ய எடுத்த முடிவு அது. காலையில் பட்டியலைத் திறந்தேன். 1380 போய் 1628 நின்றது. ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாமல் 248 புள்ளி. அக்காவிடம் சொன்னேன். "பரவாயில்லையே, நல்லா ஆடுறியா இப்ப?" என்றாள்.

*

அக்கா மகன் இப்போது கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. படிக்கிறான், ஹாஸ்டல். ஆட்டத்தை விடவில்லை, விடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. தங்கத்தில்தான் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. போன மாதம் பேசும்போது அவன் வேறு ஒன்றைச் சொன்னான். அவர்கள் மாடியில் ஆடுபவர்கள் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி தனி அறை போட்டு, தங்களுக்குள்ளேயே அணி பிரித்து ஆடுகிறார்கள். அதற்குப் புள்ளி கிடையாது. முத்திரையில் ஏறாது.

"இங்க தேனிப் பையன் ஒருத்தன் இருக்கான் மாமா. செம பிளேயர். அஞ்சு வாரமா ட்ரை பண்றேன், நேருக்கு நேரா ஒரு தடவகூட அவன அடிக்க முடியல."

தோல்வியைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் கேட்டது அதுதான் முதல் முறை.